பள்ளி வாசலில் நான் உரக்கப் படித்தது

மிஸ்,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னிக்க வேண்டும். கோட்டின்மேல் உட்கார வேண்டிய எழுத்துகள் இறங்கி ஓடுகின்றன. ஒன்று பெரியதாக இருக்கிறது, அடுத்தது சின்னதாகிவிடுகிறது. சில இடங்களில் இரண்டு எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. வயதான கை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உங்களிடம் பொய்க் காரணம் சொல்லும் பழக்கத்தை நீங்களே விடவைத்துவிட்டீர்கள். எழுதக் கற்று அதிக நாள் ஆகவில்லை, அவ்வளவுதான். ஒரு வரி முடிவதற்குள் விரல் வலிக்கிறது. 'ண' வந்தால் எத்தனை சுழி என்று சந்தேகம் வருகிறது. எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். இருந்தாலும் ஒரு மடல் முழுவதையும் நானே எழுதுகிறேன் என்று நினைத்தால் உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கும் இந்தச் சிரிப்புக்கும் ஆகாது.

இன்று மாலை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாழினி விளையாட்டை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

"தாத்தா, மிஸ் வாசன!"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் மேசை எப்போதும் அந்த வாசனைதான் அடிக்கும். பிள்ளைகள் வரிசையாகத் தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில் இரண்டு விரலால் நெற்றியில் தேய்த்துக்கொள்வீர்கள். நாங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகளோடு நாளெல்லாம் கத்தினால் வரும் தலைவலி என்று நினைத்தோம். டாக்டரைப் பார்த்தீர்களா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

யாழினி மறுபடி விளையாடப் போய்விட்டாள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

நம் பள்ளி வாசலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கவின் அம்மா, ஹரிணி அப்பா, சாதிக் அம்மா என்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லித்தான் பெரியவர்களைக் கூப்பிடுவோம். நான் யாழினி தாத்தா. நீங்கள் மிஸ். யாழினியைக் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் என் வேலை. மகள் தி. நகரில் துணிக்கடையில் நிற்கிறாள். உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கடை அது. மருமகன் ராத்திரியெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவான். முழங்கால் போன பிறகு, மூட்டை ஏற்றி மிதித்து ஓட்டிய மீன்பாடி வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பள்ளி வரை அந்தச் சின்ன விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பது பெரிய பதவி போல இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் நீங்கள் ஒரு துணிப் பையில் கதைப் புத்தகம் போட்டு அனுப்புவீர்கள். வீட்டில் யாராவது அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை பிள்ளை வகுப்பில் பாயில் உட்கார்ந்து அந்தக் கதையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "பள்ளிக்கூடம் மத்தியானத்தோட முடிஞ்சிடும். வீடு முடியாது" என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னீர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கு மட்டும் பயம்.

முதல் வெள்ளிக்கிழமையே பை எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மகள் எட்டாவது வரை படித்தவள், அவள் படித்திருக்கலாம். ஆனால் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வருபவள் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண்ணை மூடிவிடுவாள். யாழினி என் மடியில் ஏறி உட்கார்ந்து, "படி தாத்தா. மிஸ் சொல்லிக்கீறாங்க" என்றாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாழ்நாளெல்லாம் அதை மறைத்தே பழகியவன் நான். "கண்ணாடிய மறந்துட்டேன் சார், இன்னா எழுதிக்கீது பாரு" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பேன். அதற்காகவே பையில் கண்ணாடி வைத்துக்கொள்ளாதவன். நாலு வயதுக் குழந்தையிடம் அந்த வேஷம் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. புத்தகத்தைப் பிரித்தேன். படத்தில் ஒரு ஆடு இருந்தது. விரலை எழுத்தின்மேல் வைத்து ஓட்டிக்கொண்டே சொல்லத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தன்னைப் பிரியாணி போட்டுவிடுவார்கள் என்று அந்த ஆட்டுக்குத் தெரிந்துவிட்டதாம். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப் பஸ்ஸில் ஏறியதாம். கண்டக்டர் டிக்கெட் கேட்டால் "ஸ்டாஃப்" என்றதாம். அவரும் நம்பிவிட்டாராம். பாலவாக்கத்தில் இறங்கிக் கடற்கரையில் சுண்டல் விற்றுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறதாம். யாழினி சிரித்துச் சிரித்து மடியிலிருந்து நழுவி விழுந்தாள். படிப்பது இவ்வளவு சுலபமா என்று நானே நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததை நீங்கள்தான் பிறகு சொன்னீர்கள். அந்தப் புத்தகம் கவின் வீட்டில் ஏற்கெனவே இருந்ததாம். அவனுடைய அக்கா அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"ஆட்டோட மணி காணாப் போயிடும். அதத்தான் தேடும். பஸ்ஸே வராது" என்று அவன் எழுந்து நின்று சொன்னான்.

"வரும்! எங்க தாத்தா படிச்சாரு. புக்குலயே கீது!"

"பொய்யி!"

யாழினி புத்தகத்தைப் பிடுங்கிப் பக்கம் பக்கமாகப் பஸ்ஸைத் தேடினாளாம். ஒரு பக்கத்திலும் பஸ் இல்லை.

அன்று வழியெல்லாம் அவள் என் விரலைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். "பஸ் எங்க கீது? காட்டு." நான் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் கிழிந்துபோய்விட்டது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள், வண்டியை வழியில் நிறுத்தியதற்காக அடிக்கக்கூட வந்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் கூசியது போல நான் எங்கேயும் கூசியதில்லை.

அதன் பிறகு பை வந்தால் அவள் என்னிடம் கொடுப்பதில்லை. "அம்மா வரட்டும்" என்று அலமாரியில் வைத்துவிடுவாள். அம்மா வந்து தூங்கிவிடுவாள். பை பிரிக்காமலே திரும்பிப் போகும். திங்கட்கிழமை பாயில் யாழினி வாயே திறப்பதில்லை என்று பள்ளி ஆயாம்மா சொன்னார். நான் நாள்காட்டியைப் பார்த்து இன்று நல்ல நாள் என்றால்கூட, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்கினாள்.

நீங்கள் என்னை உள்ளே கூப்பிட்ட அந்த நாள் நினைவிருக்கிறது. திட்டு வாங்கத் தயாராக, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள்.

"தாத்தா, அந்த ஆடு கடைசி வரைக்கும் டிக்கெட் எடுக்கவே இல்லையா?"

"அது... சும்மா மிஸ். கண்ணு சரியாத் தெரியல. கண்ணாடி வேற..."

"கண்ணாடி போட்டாலும் அந்தக் கதை எனக்கு வராது தாத்தா. வாங்க, பசங்களுக்கு நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். பாய் முழுக்கச் சிரிப்பு. கவின் தரையில் உருண்டான். நீங்களும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். யாழினி மட்டும் சிரிக்கவில்லை. நான் முடித்ததும் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள். "நல்லா கீது. ஆனா அது புக்குல இல்ல."

நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முகத்தைக் காட்டப் பயந்து, இரண்டு மூன்று நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி யாழினியைக் கூட்டிவரச் செய்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பையில் புத்தகம் இல்லை. எல்லாப் பிள்ளைகளின் பையிலும் ஒரே ஒரு அட்டை. அதில் பெரியதாக 'அ'. பிள்ளை அந்த எழுத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும். கற்றுக்கொண்டவர் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து, பிள்ளையின் முன்னால் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். வாசலில் ஒரே சலசலப்பு.

"இன்னா மிஸ் இது, எங்களுக்கே ஹோம்வொர்க்கா?" என்றார் சாதிக் அம்மா.

"நான் எம்.காம். மிஸ். அ எழுதத் தெரியும்" என்றார் ஹரிணி அப்பா. கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்.

நீங்கள் அசையவில்லை. "பசங்க சொல்லித் தரட்டும் சார். ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுத்தா அவங்களுக்கு மறக்காது."

வீட்டில் யாழினி வேறு ஆளாக மாறிவிட்டாள். "கைய கட்டு. காலை மடி. முடியாதா? சரி, நீட்டிக்கோ. சத்தம் போடக் கூடாது." உங்களைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். என் விரலைப் பிடித்து அரிசி மாவில் சுழித்தாள். "வயிறு பெருசா போடு தாத்தா, உன் வயிறு மாரி." சரியாக வந்ததும் என் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அதை மறந்து டீக்கடைக்குப் போய்விட்டேன். "இன்னா நைனா, சினிமாவுல சேர்ந்துட்டியா?" என்று கடைக்காரன் கேட்ட பிறகுதான் நெற்றியைத் தடவிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பெரியவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். ஹரிணி அப்பா அவசரமாக எழுதிவிட்டுத் திரும்ப, ஹரிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வால் எங்கப்பா? அழிச்சிட்டு எழுது" என்றாள். எம்.காம். அழித்துவிட்டு எழுதினார். கவின் அம்மாவுக்கு இரண்டு தடவை தவறாக வந்தது. என் முறை வந்தபோது பலகையில் பலமாக அழுத்திவிட்டேன். சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினேன். கோணலாக இருந்தாலும் அது 'அ'தான். யாழினி கைதட்டினாள். மற்றவர்கள் எழுதியதும் கோணல்தான் என்பதால் எனக்கு அன்று ஒன்றும் கூச்சமாக இல்லை. பெரியவர்களுக்கும் எழுத்து இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஒரு எழுத்து என்பது போகப் போக எங்களுக்குப் போதவில்லை. அவளுக்கு மிஸ் வேலை ருசித்துவிட்டது. சாயங்காலம் பால் குடித்ததும் வகுப்பு தொடங்கிவிடும். 'ழ' வந்தபோது மட்டும் பெரிய சண்டை. அதுவரை என் வாயில் அவள் பெயர் யாயினிதான். அவள் தன் நாக்கைச் சுருட்டிக் காட்டுவாள், நான் சுருட்டினால் எச்சில்தான் வரும். நீங்கள் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தாத்தா, பேத்தி பேர் என்ன?" என்று கேட்பீர்கள். ஒருநாள் சரியாகச் சொல்லிவிட்டேன். நீங்களும் அவளும் ஒரே நேரத்தில் கைதட்டினீர்கள்.

பிறகு தெருவே வேறு தெருவாக ஆனது. மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி எத்தனையோ வருடம் வண்டி மிதித்திருக்கிறேன். அங்கே இவ்வளவு எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பலகையின் கீழும் நின்று வாய்விட்டுப் படிப்பேன். லஸ் பக்கம் நான் தினமும் மத்தியானம் வண்டியை நிறுத்தித் தூங்கிய சுவரில், 'இங்கு வண்டிகளை நிறுத்தக் கூடாது' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. தனியாக நின்று சிரித்தேன். வாசலில் கவின் அம்மாவும் சாதிக் அம்மாவும் அடிக்கடி என்னிடம், "தாத்தா, அந்த போர்டுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கண் அவ்வளவு மோசமா என்று நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆட்டுப் புத்தகமே மறுபடி பையில் வந்தது. நீங்கள் வேண்டுமென்றுதான் வைத்திருப்பீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எடுத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து யாழினிக்குப் படித்தேன். ஆட்டின் மணி காணாமல் போகிறது. தேடுகிறது. கிடைக்கிறது. பஸ் இல்லை. அவள் கடைசிப் பக்கம் வரை கண்கொட்டாமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கரெக்டு" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா பஸ் கதைதான் ஜாலியா இருந்துச்சு" என்றாள். திங்கட்கிழமை இரண்டு கதையையும் பாயில் சொன்னாள். "இது புக்கு கதை, இது தாத்தா கதை" என்று பிரித்துச் சொன்னாளாம். நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை தயங்குகிறது.

அன்று காலையில் வழக்கம் போல நாங்கள்தான் முதலில் வந்தோம். கேட் பூட்டியிருந்தது. அதில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. காவலாளி ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டார் போலும். பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. கவின் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"தாத்தா, பேப்பர்ல இன்னா எழுதிக்கீது? படிங்களேன்."

ஒரு தாளில் எழுதியதை என்னிடம் கேட்கிறார்கள். நான் எத்தனை பேரிடம் அப்படிக் கேட்டு நின்றிருக்கிறேன்! தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் இன்னும் சிலரும் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்துக்கே கேட்கும்படி, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போலக் குரலை உயர்த்தினேன்.

'நம் பள்ளியின்' சுலபமாக வந்தது. அடுத்தது 'மழலையர்'. ழவும் லவும் பக்கத்தில் பக்கத்தில். நின்றேன். நாக்கைச் சுருட்டினேன். வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் சத்தமாக, 'வகுப்பு ஆசிரியை' என்றேன். பிறகு ஒரு பெயர். அந்தப் பெயரை நான் எங்கேயும் கேட்டதில்லை. எழுத்துக் கூட்டி, ஒரு பிழையில்லாமல் படித்தேன். 'அவர்கள் மறைவை முன்னிட்டு இன்று பள்ளிக்கு விடுமுறை.'

படிக்கப் புதிதாகக் கற்றவனுக்கு எழுத்து முதலில் வருகிறது மிஸ். அர்த்தம் எங்கேயோ பின்னால் நடந்து வருகிறது. நான் படித்த அத்தனையிலும் பார்த்த உடனே தெரிந்த சொல் கடைசிச் சொல் ஒன்றுதான். பொங்கலுக்கும் மழைக்கும் கேட்டில் தொங்கும் சொல் அது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"லீவும்மா! லீவு!"

யாழினி குதித்தாள். நானும் கிட்டத்தட்டக் குதித்தேன். சபாஷ் தாத்தா என்று யாராவது சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கவின் அம்மா ஸ்கூட்டியின்மேலேயே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று கவலைப்படுகிறார் போலும் என்று நினைத்து, அதற்கும் ஒரு கிண்டல் செய்தேன்.

"இன்னாம்மா, புள்ளைய யாரு பாத்துக்கறதுன்னு ரோசனையா? நம்ம வூட்ல வுடு. ரெண்டும் சேர்ந்து என்னை மேய்க்கட்டும்."

"தாத்தா..." என்றார் அவர். "மிஸ்ஸு தாத்தா."

"எந்த மிஸ்ஸு?"

"நம்ம மிஸ்ஸு."

நான் மறுபடி தாளைப் பார்த்தேன். அப்போதுதான் அர்த்தம் வந்து சேர்ந்தது. சிரித்த முகத்தை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

யாழினியையும் கவினையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கவின் அம்மாவோடு ஆட்டோவில் அடையாறில் உங்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் நான் தலையில் அடித்துக்கொண்டு புலம்பினேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்.

"நான்தான் தாத்தா உங்கள படிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. எப்பவும் கேக்கற மாரியே கேட்டுட்டேன்."

எப்பவும் கேட்கிற மாதிரி. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துருவிக் கேட்டதும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்காக எழுத்துப் பாடத்தை எல்லா வீட்டுக்கும் அனுப்பப்போவதாக நீங்கள் மற்றப் பெற்றோரிடம் முன்பே சொல்லியிருக்கிறீர்கள். தாத்தாவுக்குத் தெரியக் கூடாது, கூடவே அவர்களும் வந்து எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாசலில் பலகை படிக்கச் சொன்னதும் நீங்கள் சொல்லித்தான். வால் இல்லாமல் எழுதிய எம்.காம்., இரண்டு தடவை தவறவிட்ட கவின் அம்மா, முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்த சாதிக் அம்மா எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருவன். பெரியவர்களுக்கும் எழுத்து கோணலாகத்தான் வரும் என்று நம்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் உரக்கப் படிப்பதைக் கேட்க அவர்கள் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியது உங்கள் சாவுச் செய்தி. அதுவும் சிரித்துக்கொண்டு.

உங்கள் வீட்டுக்குள் நான் வரவில்லை. செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். உங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து, "உள்ள வாங்க, நீங்க யாரு?" என்று கேட்டார். யாழினி தாத்தா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்துக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது.

மாலை கடை வாசலில் போனைத் திரும்ப வாங்கியதும் மகள் கூப்பிட்டாள். யாரிடமோ கேட்டுச் செய்தி தெரிந்திருக்கிறது. "கொழந்தைகிட்ட ஒண்ணும் சொல்லாதப்பா. மிஸ் ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு. போதும்." சரி என்றேன். எனக்கும் அதுதான் சௌகரியம்.

விடுமுறையை நீட்டிவிட்டார்கள் போலும், மறுநாள் காலையிலும் கேட் திறக்கவில்லை. தாள் அப்படியே இருந்தது. யாழினி என் கையை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினாள்.

"நேத்து படிச்சியே, அது. திரும்பப் படி."

ஊருக்குப் போயிட்டாங்க என்று நாக்கின் நுனியில் இருந்தது. அந்தத் தாளை அவளால் முழுக்கப் படிக்க முடியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் அதில் எழுதியிருக்கும். அவள் தன் விரலைத் தாளின் முதல் எழுத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸைக் காட்டு என்று கேட்ட அன்று பார்த்த அதே கண்.

குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பெயர் வந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இது யாரு?"

"மிஸ்ஸு."

"மிஸ்ஸுக்குப் பேரு உண்டா?"

"உண்டு கண்ணு. இதான்."

"மறைவுன்னா?"

"செத்துப் போறது."

அவள் அந்தப் பெயரின்மேல் ஒருதடவை விரலை ஓட்டினாள். அழவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நேத்து ஏன் தாத்தா சிரிச்ச?" என்றாள்.

"நேத்து தாத்தா எழுத்த மட்டும்தான் கண்ணு படிச்சேன். இன்னிக்குத்தான் முழுசா படிச்சேன்."

அதை அவள் ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஆனால் வீடு வரை என் விரலை விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். மகள் வந்து என்னைத் திட்டினாள். திட்டட்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சமில்லை.

இப்போது புது மிஸ் வந்திருக்கிறார். சின்னப் பெண். பை மறுபடி வருகிறது. வாசலில் நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டோம். புது மிஸ்ஸின் பெயரை முதல் நாளே கேட்டுவிட்டேன், அந்தப் பெண் பயந்தே போய்விட்டார். எது கையில் கிடைத்தாலும் இன்னமும் ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் ஒருதடவை உள்ளுக்குள்ளேயே படித்துவிடுகிறேன். இது யாரைப் பற்றி, கேட்பவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்த பிறகுதான் சத்தமாகச் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கிழவன் திணறுகிறான் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். நீங்கள் கொடுத்த எழுத்தோடு இந்தத் தயக்கத்தையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

இந்த மடலின் தலையில் 'மிஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதத்தான் முதலில் பேனாவை வைத்தேன். முதல் எழுத்திலேயே கை நின்றுவிட்டது. நான் அந்தப் பெயரை முதன்முதலில் சொன்ன விதம் காதில் கேட்டது. இன்று என்னால் முடியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை யாழினி பையோடு வந்ததும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எழுத உட்காருகிறேன். அந்தத் தாளை உங்கள் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

யாழினி தாத்தா